பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களில் கார் இல்லாத சைக்கிள் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் கிழக்கே வைனுக்குப் பேர்போன பர்கண்டிப் பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று ஒரு படம் போட்டால் போதும், கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள், பாரிஸ் புறநகரில் பல வருடமாக இருப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றேதான். தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பிரான்ஸ்ல வைன்னா போர்டோதானே? நீங்க ஏன் எப்பவும் பர்கண்டின்னே சொல்றீங்க?

போர்டோவிலும் நல்ல பாதை உண்டு. 1937இல் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரோஜே லப்பெபியின் பெயரில், பழைய ரயில் தடத்தின்மேல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு பாதை போகிறது. அழகானதுதான், ஆனால் அதில் பாதிக்கு மேல் மரங்களுக்கு நடுவே ஓட்டுவீர்கள். அல்சாஸ் வட்டாரத்திலும் தோட்டங்களை ஒட்டி நீளமான சைக்கிள் வழி இருக்கிறது.

பர்கண்டியில் மூன்று விதமான பாதைகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்கின்றன. டிஜோனுக்குத் தெற்கே உள்ள போன் நகரத்தில் தொடங்கி சான்தெனே வரை சுமார் 22 கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு உள்ளேயே போகலாம். பொமார், வோல்னே, மெர்சோ, புலிஞி, ஷசாஞ் என்று வைன் பாட்டிலில் படிக்கும் பெயரெல்லாம் வழியில் ஊர்களாக வரும். சான்தெனேயிலிருந்து ஷாஞி வழியாக ஷலோன் வரை கால்வாய்க் கரை. ஷலோனிலிருந்து ஷிவ்ரி, புஸ்ஸி, க்ளூனி தாண்டி மக்கோன் வரை பழைய ரயில் தடம். எல்லாம் சேர்த்து 130 கிலோமீட்டர் அளவுக்கு வரும். இந்த நீளத்துக்கு இப்படி ஒரு கலவை எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை, அதனால்தான் விடாமல் சொல்கிறேன்.

கார் இல்லாத பாதைன்னா நிஜமாவே ஒரு கார் கூட வராதா?

எந்தத் துண்டு என்பதைப் பொறுத்தது. ரயில் தடத்தில் போட்டதை இங்கே 'வுவா வெர்த்' என்பார்கள், பசுமைப் பாதை. நீல நிறச் சதுரப் பலகையில் நடப்பவர், சைக்கிள், குதிரை மூன்றும் வெள்ளையில் இருக்கும். அதில் மோட்டார் வண்டி போகச் சட்டப்படியே தடை. ஷிவ்ரியிலிருந்து க்ளூனி வரையான 44 கிலோமீட்டர்தான் பிரான்ஸிலேயே இந்த வகையில் முதலில் திறந்த பாதை, 1997இல். குறுக்கே சாலை வருகிற இடத்தில் மட்டும் மரத் தடுப்பு இருக்கும். அங்கே முன்னுரிமை சாலைக்குத்தான், நமக்கில்லை. நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

கால்வாய்க் கரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மதகுக் காவலர் வீடுகளுக்குப் போகிற வண்டி, பராமரிப்பு வண்டி எப்போதாவது வரும்.

தோட்டப் பாதை வேறு மாதிரி. அது திராட்சை விவசாயிகள் தங்கள் வேலைக்காகப் போட்டுக்கொண்ட கான்கிரீட் வழி. சைக்கிளுக்கென்று பலகை நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வழிப்போக்குக் கார் கிடையாது, ஆனால் ட்ராக்டரும் வெள்ளை வேனும் உண்டு. வார நாள் காலையில் சைக்கிளைவிட அவைதான் அதிகம் கண்ணில் படும். கீழே பல பதில்களில் இதையே திரும்பச் சொல்லப் போகிறேன்: இது அவர்கள் வேலை செய்யும் இடம், நாம் நடுவில் புகுந்தவர்கள். ஊருக்குள் நுழையும்போது சில நூறு மீட்டர் சாதாரணத் தெருதான், அங்கே கார் வரும்.

சைக்கிள் தொட்டே வருஷக்கணக்காச்சு. எனக்கெல்லாம் முடியுமா?

முடியும், ஆனால் தோட்டப் பாதையில் தொடங்காதீர்கள். கோர்மத்தானிலிருந்து க்ளூனி வரை ரயில் தடத்தில் போய்ப் பாருங்கள். பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், வழவழப்பான தார், ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. நடுவில் தெஸே என்ற சிற்றூரின் அடிவாரம் வழியாகப் போவீர்கள். தேவாலயத்தில் தெஸே பாடல்கள் பாடிப் பழகியவர்களுக்கு ஊர் பேரைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருக்கும். அதே ஊர்தான், 1940இல் அங்கே தொடங்கிய சபையின் பாடல்கள்தான் அவை.

அது நன்றாகப் போனால் மறுநாள் ஷிவ்ரியிலிருந்து புஸ்ஸி போய்த் திரும்புங்கள். அப்புறம் நீங்களே மிச்சத்தையும் கேட்பீர்கள்.

மேடு எவ்வளவு இருக்கும்? மின்சார சைக்கிள் எடுக்கணுமா?

கால்வாய்க் கரை தட்டை. ரயில் தடத்தில் நீராவி எஞ்சின் இழுக்க முடிந்த ஏற்றம்தான் இருக்க முடியும் என்பதால் மூச்சு வாங்காது. க்ளூனிக்குத் தெற்கே மட்டும் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சுரங்கம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

தோட்டப் பாதையில் மேடு உண்டு. பர்கண்டியில் நல்ல திராட்சை சரிவின் நடுப்பகுதியில்தான் விளைகிறது, பாதையும் அந்தச் சரிவோடு ஏறி இறங்குகிறது. வோல்னே ஊரே சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏற்றம் எதுவும் நீளமில்லை, ஆனால் திடீரென்று வரும். முழங்கால் சரியில்லாதவர்கள் மின்சார சைக்கிள் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 25 கிலோமீட்டர் வேகம் வரைதான் மோட்டார் உதவும், அதற்கு மேல் உங்கள் கால். வாடகைக் கடைகளில் கோடை வார இறுதிகளில் முதலில் தீர்ந்துபோவது அதுதான், முன்பதிவு செய்துவிடுங்கள்.

என்கிட்ட ரோடு பைக் இருக்கு, மெல்லிய டயர். ஓடுமா?

ரயில் தடத்தில் எந்த டயரும் ஓடும். தோட்டப் பாதையில் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 32 இருந்தால் நிம்மதி. கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே இணைப்பு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கைப்பிடி அதிரும். சில இடத்தில் கான்கிரீட் முடிந்து கொஞ்ச தூரம் ஜல்லி.

உண்மையான தொல்லை மழைக்கு அடுத்த நாள்தான். ட்ராக்டர் வரிசையை விட்டு வெளியே வந்து திரும்பும் முனையில் சக்கரத்தில் ஒட்டிய மண் முழுவதையும் பாதையில் உதிர்த்துவிட்டுப் போகும். சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த மண், ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். வளைவில் பழுப்பு நிறத் திட்டு தெரிந்தால் அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கவாத்து செய்த குச்சிகள் சிதறிக் கிடக்கும், பஞ்சருக்கு ஒரு உபரி ட்யூப் அவசியம்.

பாரிஸ்லேர்ந்து சைக்கிளோட ரயில்ல போக முடியுமா?

முடியும். டிஜோனுக்கு அதிவேக ரயிலான டிஜிவியில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் டிஜிவியில் பிரிக்காத சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும், எல்லா வண்டியிலும் அந்த வசதி இல்லை. டெஆர் எனப்படும் வட்டார ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றித் தொங்கவிடலாம். நேரம் அதிகமாகும், தலைவலி குறைவு.

டிஜோனிலிருந்து லியோன் போகும் வட்டார ரயில் பாதைதான் நமக்கு உயிர்நாடி. போன், ஷாஞி, ஷலோன், மக்கோன் எல்லாம் அந்த ஒரே தடத்தில் வரும் நிலையங்கள். களைத்தாலோ மழை பிடித்தாலோ அடுத்த நிலையத்தில் ஏறிவிடலாம். க்ளூனியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அங்கே நிலையக் கட்டடம் இருக்கிறது, ரயில் இல்லை. அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துத்தானே நம் பாதையே போட்டார்கள்!

எந்த மாசம் நல்லது?

மே கடைசியும் ஜூனும். இலை விரிந்து பச்சை பிடித்திருக்கும், ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், வெயில் இன்னும் கொடுமையாகாது. ஜூலை, ஆகஸ்டில் தோட்டப் பாதையில் ஒரு மர நிழல் கூடக் கிடையாது. அப்போது காலையில் தோட்டம், மதியத்துக்கு மேல் மரங்கள் மூடிய ரயில் தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் அறுவடை. வெயில் கூடிய வருடங்களில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடும். பார்க்க அற்புதம், ஓட்டச் சிரமம். அக்டோபரில் சரிவு முழுக்க மஞ்சளாகிவிடும், கூட்டமும் இருக்காது. எனக்குப் பிடித்தது அதுதான், குளிருக்குக் கையுறை வேண்டும். நவம்பர் மூன்றாம் ஞாயிறு போன் நகரில் அந்த ஊர்ப் பழைய மருத்துவமனையின் வைன் ஏலம், 1859 முதல் நடப்பது. அந்த வாரம் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் மயக்கம் வரும். ஏப்ரலில் பனி விழும் இரவுகளில் துளிரைக் காப்பாற்ற வரிசைக்கு வரிசை மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைப்பார்கள். விடியற்காலையில் அந்தப் புகை பாதையில் நிற்கும்.

எதிர்ல ட்ராக்டர் வந்தா என்ன பண்றது?

ஒதுங்கி நின்று வழிவிடுங்கள், கை காட்டுங்கள், அவரும் காட்டுவார். இரண்டாவது கேள்வியில் சொன்ன காரணம்தான். அவருக்கு அது அலுவலகம்.

இங்கத்திய ட்ராக்டரை முதல் முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். கொடி வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி, ஒரு ஹெக்டேரில் பத்தாயிரம் கொடி வரை நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேல் பந்தல் போட்டுக் குலை தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, இடுப்புயரத்தில் கம்பியில் கட்டிய இந்தக் கொடிகள் குட்டையாகத் தெரியும். சாதாரண ட்ராக்டர் இதற்குள் நுழைய முடியாது. அதனால் நீண்ட கால் வைத்து, வரிசையைக் கவட்டுக்குள் விட்டுக்கொண்டு, இரு பக்கமும் சக்கரம் உருள நடக்கிற வண்டி செய்திருக்கிறார்கள். ஓட்டுநர் ஒரு மாடி உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பக்கத்தில் வரும் சைக்கிள் எளிதில் கண்ணில் படாது. அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

மே முதல் ஜூலை வரை மருந்தடிப்பு. வண்டியின் பின்னால் புகைபோலத் தெறித்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் நின்று, முடித்துவிட்டுப் போகும்வரை பொறுங்கள்.

வழியில திராட்சைய ரெண்டு பறிச்சுத் தின்னலாமா? யார் பார்க்கப் போறா?

கூடாது. யாரும் பார்க்காவிட்டாலும் அது திருட்டுதான். புலிஞிக்கும் ஷசாஞ்சுக்கும் நடுவே நீங்கள் தாண்டிப் போகிற மோன்ராஷே என்ற துண்டு மொத்தமே எட்டு ஹெக்டேர் அளவு. அதிலிருந்து வரும் வெள்ளை வைன் ஒரு பாட்டில் பல நூறு யூரோவுக்கு விற்கும். குட்டையான கல் சுவரும் அதில் ஒரு கல் வாசலும் தவிர வெளியே பெரிய அடையாளம் எதுவும் இருக்காது. நீங்கள் சாதாரணமாகக் கிள்ளிய குலை எந்தத் துண்டைச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, ருசியும் நீங்கள் நினைப்பது மாதிரி இருக்காது. இங்கே விளையும் பினோ நுவார், ஷார்தொனே வகைகள் இரண்டும் சின்னக் காய், உள்ளே விதை. அதற்கும் மேல் தாமிர மருந்து அடித்திருப்பார்கள். ஊரில் எலுமிச்சைக்கும் தென்னைக்கும் அடிக்கும் போர்டோ கலவை இருக்கிறதே, அது இந்த நாட்டுத் திராட்சைத் தோட்டத்தில் பிறந்ததுதான். இலையில் நீலத் திட்டு தெரிந்தால் அதுதான்.

சைக்கிள்தானே, ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு ஓட்டினா போலீஸ் என்ன பண்ணும்?

கார் ஓட்டுநருக்கு உள்ள அதே அளவுதான் சைக்கிளுக்கும்: ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம். மீறினால் 135 யூரோ அபராதம். 0.8 கிராமைத் தாண்டினால் அது குற்ற வழக்கு. தோட்டத்துக்கு நடுவே ஊதச் சொல்லும் போலீஸை நான் பார்த்ததில்லைதான். ஆனால் மேலே சொன்ன மண் திட்டு, உயரத்தில் உட்கார்ந்த ட்ராக்டர்காரர், கல் சுவரை ஒட்டிய வளைவு எல்லாம் போலீஸைவிட மோசம்.

ருசி பார்க்கும் இடத்தில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். அங்கே வைன் தெரிந்தவர்கள்தான் துப்புவார்கள், தாராளமாகச் செய்யுங்கள். அதுவும் சங்கடமாக இருந்தால் ருசி பார்ப்பதை அன்றைய கடைசி ஊருக்கு, தங்குமிடத்துக்கு நடந்து போகும் தூரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் குடிக்கவே மாட்டேன். எனக்கு அங்க என்ன வேலை?

நிறைய. போன் நகரில் 1443இல் கட்டத் தொடங்கிய ஏழைகள் மருத்துவமனை இருக்கிறது. வண்ண ஓடுகள் பின்னிய கூரை, உள்ளே வரிசையாகத் திரை போட்ட கட்டில்கள். ஷலோன், புகைப்படத்தின் தந்தை என்று சொல்லும் நியெப்ஸ் பிறந்த ஊர். அவர் பெயரில் அருங்காட்சியகம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. க்ளூனியில் 910இல் நிறுவிய மடம். ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் அங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக விற்று இடித்தார்கள். குறுக்கு மண்டபத்தின் ஒரு கை மட்டும் நிற்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கழுத்து வலிக்கும்.

அதைவிட, அந்தத் தோட்டச் சரிவே பார்க்க வேண்டியது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர், வேறு விலை. துறவிகள் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெயர் வைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலங்கள் இவை. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. காரில் போனால் இதெல்லாம் ஒரே பச்சைதான். சைக்கிள் வேகத்தில்தான் சுவர் மாறுவது, மண் நிறம் மாறுவது, சரிவு மாறுவது எல்லாம் தெரியும். குடிப்பதற்குக் கருப்புத் திராட்சை போன்ற காஸிஸ் பழத்தின் சிரப்பைத் தண்ணீரில் கலந்து கேளுங்கள், இந்த வட்டாரத்துச் சரக்கு. 'க்ரெம் த காஸிஸ்' என்று கேட்டுவிடாதீர்கள், அதில் மது உண்டு.

நாங்க சைவம். பட்டினிதான் கிடக்கணுமா?

பட்டினி இல்லை, ஆனால் திட்டமிட வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனோ பன்றிக் கொழுப்புத் துண்டோ போட்டு வரலாம். குறிப்பாக 'எஃப் ஆன் மெரெத்' என்ற முட்டைப் பண்டத்தை நம்பாதீர்கள். சிவப்பு வைன் குழம்பில் முட்டை, கூடவே பன்றித் துண்டுகளும் இருக்கும். பாலாடைக் கட்டி போட்டுப் பொரித்தாற்போல் உப்பி வரும் குஜேர் நல்லது, முட்டை உண்டு. பாலாடைக் கட்டிகள் பலவற்றில் விலங்கிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும். கண்டிப்பான சைவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பழகியது இப்படி: காலையில் பேக்கரியில் ரொட்டி, கடையில் தக்காளி, பழம், கொட்டைகள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது. சனிக்கிழமை போன் சந்தையில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சின்ன ஊர்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடை அடைத்துவிடுவார்கள், ஞாயிறு மதியமும் திங்களும் பெரும்பாலும் மூடல். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். கால்வாய்க் கரை பெஞ்சில் அவர்கள் சாப்பிட்டது போல யாரும் அன்று சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தண்ணி எங்க பிடிக்கறது?

கல்லறைத் தோட்டத்தில். சிரிக்காதீர்கள், பிரான்ஸில் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. பூச்செடிக்கு ஊற்ற வாசலருகே குழாய் வைத்திருப்பார்கள், ஊர்க் குடிநீர்தான் அதிகம் வரும். 'நோன் போத்தாப்ல்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

குழந்தைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

ரயில் தடத்துக்குத் தாராளமாக. பின்னால் இழுக்கும் குழந்தை வண்டியும் அங்கே எளிதாகப் போகும், மரத் தடுப்புகளில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டி வரலாம். சாலை கடக்கும் இடங்களில் பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். கால்வாய்க் கரையில் தடுப்பு எதுவும் கிடையாது, சக்கரம் பழகாத பிள்ளைகளை அங்கே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோட்டப் பாதை பத்து வயதுக்கு மேல்.

ஹெல்மெட் கட்டாயமா? இன்னும் என்னென்ன சட்டம் இருக்கு?

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டாயம், 2017 முதல். பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை, ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். மணி, பிரேக், பிரதிபலிப்பான்கள் வேண்டும், இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு. ஊருக்கு வெளியே இரவிலோ மூடுபனியிலோ ஒளிரும் சட்டை கட்டாயம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ, கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் அதே.

அந்த நீளமான சுரங்கத்துக்குள்ள பயமா இருக்காதா?

க்ளூனிக்கும் மக்கோனுக்கும் நடுவே வருகிற புவா க்ளேர் சுரங்கம் சுமார் 1.6 கிலோமீட்டர். உள்ளே விளக்கு இருக்கிறது, தளமும் நன்றாக இருக்கிறது. ஜூலையில் வியர்த்துக்கொண்டு நுழைந்தால் சில மீட்டரிலேயே குளிர் அடிக்கும், மேலே ஒரு சட்டை தயாராக இருக்கட்டும். பிள்ளைகள் கத்தி எதிரொலி கேட்பார்கள், அதைத் தடுக்க முடியாது.

குளிர்காலத்தில் இது மூடியிருக்கும். வௌவால்கள் உள்ளே குளிர் உறக்கத்துக்கு வருகின்றன. அப்போதும், சுரங்கம் பிடிக்காதவர்களுக்கு எப்போதும், மலைக்கணவாய் மேல் ஏறிப் போகிற மாற்று வழி உண்டு. மேடு பற்றிய கேள்வியில் பாக்கி வைத்தது இதுதான். ரயில் தடத்தை நம்பி வந்த கால்களுக்கு அந்த ஏற்றம் சுருக்கென்று இருக்கும்.

மேப் போட்டா என்னைப் பெரிய ரோட்டுல கொண்டுபோய் விட்டுடுச்சு. ஏன்?

டி 974 சாலையில்தானே? போனிலிருந்து தெற்கே போகிற நேரான சாலை அது, லாரி போகும். கைபேசி வரைபடத்துக்குத் தோட்டப் பாதை சுற்று வழியாகத் தெரிகிறது, அதனால் இங்கே தள்ளிவிடுகிறது. சின்னப் பச்சை எழுத்துப் பலகைகளைப் பார்த்துப் போங்கள். அவை முச்சந்திகளில், சுவர் மூலையில், கம்பத்தில் எங்கேயாவது இருக்கும். ஒரு சந்திப்பில் பலகை தெரியவில்லை என்றால் நேராகப் போகாமல் நின்று சுற்றிப் பாருங்கள். இலை வளர்ந்த மாதங்களில் கொடி மறைத்திருக்கும்.

தவறினாலும் பெரிய ஆபத்தில்லை. சரிவில் கீழ்ப்பக்கம் இறங்கினால் அந்தச் சாலையும் ரயிலும், மேல்பக்கம் காடு. நடுவில்தான் எங்கேயோ இருக்கிறீர்கள்.

நான் வேகமா ஓட்டுற ஆளு. முப்பதுல போலாமா அங்க?

போகலாம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு மதியம் ரயில் தடத்தில் பாட்டிகள், நாய்கள், ஸ்கேட்டிங் பழகும் குழந்தைகள் எல்லாம் இருப்பார்கள். பாதை அவர்களுக்கும் சேர்த்துத்தான். சீக்கிரம் எழுந்து எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை.

வேகம்தான் முக்கியம் என்றால் கார் இல்லாத பாதையை விடுங்கள். சரிவுக்கு மேலே சான் ரோமேன், லா ரோஷ்போ, நோலே பக்கம் சின்னச் சாலைகள் இருக்கின்றன. கார் எப்போதாவது வரும், ஏற்றம் போதும் போதும் என்றிருக்கும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்று சட்டம், பெரும்பாலோர் மதிக்கிறார்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எதை விடலாம், எதைப் பார்க்கலாம்?

போனிலிருந்து தோட்டப் பாதையில் சான்தெனே, அங்கிருந்து கால்வாயோடு ஷாஞி, ஷாஞியில் ரயில் ஏறிப் போன் நகருக்குத் திரும்புவது. முப்பது கிலோமீட்டருக்குள்தான். மெர்சோவில் மதியச் சாப்பாடு. முடிந்தால் வார நாளில் போங்கள், அப்போதுதான் தோட்டத்தில் ஆட்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். ரயில் தடம் முழுவதையும் விட்டுவிடுங்கள், அது இரண்டு நாள் வைத்துச் செய்ய வேண்டியது. குழந்தைகளோடு வருகிறவர்கள் மட்டும் இதைத் தலைகீழாக மாற்றி ஷிவ்ரி பக்கம் போகலாம்.

பாட்டில் வாங்கினா சைக்கிள்ல எப்படிக் கொண்டு வர்றது?

முதலில், வழியில் பார்க்கிற கதவையெல்லாம் தட்டாதீர்கள். சின்னத் தோட்டக்காரர்கள் முன்பே நேரம் கேட்டு வருகிறவர்களைத்தான் பார்ப்பார்கள், அறுவடை மாதத்தில் அதுவும் கிடையாது. புஸ்ஸியில் உள்ள கூட்டுறவு மாதிரி இடங்களில் சும்மா நுழைந்து வாங்கலாம், விலையும் கைக்கு அடக்கம்.

சைக்கிள் பையில் இரண்டு பாட்டில், ஒவ்வொன்றையும் ஒரு ஜீன்ஸ் காலுக்குள் விட்டுச் சுருட்டி, பக்கத்துக்கு ஒன்றாக. அதற்கு மேல் வேண்டாம், கான்கிரீட் இணைப்புகளில் ஒவ்வொரு அதிர்வும் கேட்கும். வெயிலில் வண்டியோடு வெளியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அதிகம் வாங்குகிறவர்கள் ஐரோப்பாவுக்குள் வீட்டுக்கே அனுப்பச் சொல்லலாம். ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தியச் சுங்கத்தில் தலைக்கு இரண்டு லிட்டர் வரை வரி இல்லை. 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு, அதையும் விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.